பெட்டியோடு ஒரு சுற்று

தொண்டாமுத்தூர்

சிரஞ்சீவி நவ்யாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும், உன் அம்மாவும், ஆபரேஷன் செய்த அவளுடைய முழங்காலும் சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளை ரவிதேஜாவும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் சௌக்கியமாக இருக்கப் பெருமாளை வேண்டிக்கொள்கிறேன். போனில்தான் பேசுகிறோமே, இவர் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அம்மா ஸ்பீக்கரைப் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். அவளைப் பற்றி அவள் எதிரிலேயே பேசுகிற தைரியம் எனக்குக் கல்யாணமான நாளிலிருந்தே கிடையாது. அதனால் பீளமேட்டில் ஒரு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்து, கூரியர் கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எல்லாவற்றையும் ஆரம்பித்து வைத்தது நீதான். அங்கே ஏதோ ஒரு சின்னச் சந்தை ஊரிலிருந்து கிளம்பி, வயல்வெளியெல்லாம் சுற்றி, கிளம்பின இடத்துக்கே வந்து சேருகிற நடை ஒன்று இருக்கிறது, வழியெல்லாம் பலகை வைத்திருக்கிறார்கள் என்று போட்டோ அனுப்பினாயே, காலுக்கு நல்லது, அம்மாவும் இப்படி நடக்கலாம் என்று வேறு சொன்னாய். உன் அம்மா உடனே இங்கே ஒரு வட்டம் கண்டுபிடித்துவிட்டாள். சந்தைக்கு எதிரில் இருக்கிற பேக்கரியில் கிளம்பி, வாய்க்கால் கரையோடு போய், பாக்குத் தோப்பைத் தாண்டி, மலையடிவாரத்து மண் பாதையில் திரும்பி, வாழைத் தோட்டங்கள் வழியாக மறுபடியும் பேக்கரி. நம் வழியிலும் பலகை உண்டு, யானை நடமாடும் பகுதி, எச்சரிக்கை என்று வனத்துறை வைத்தது. இந்த வட்டத்துக்கு நடுவில் மேட்டுப் பிள்ளையார் கோயில் இருப்பது உனக்குத் தெரியும். அதனால் இது நடை இல்லை, பிரதட்சணம் என்றாகிவிட்டது. உனக்குச் சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, பிள்ளையாரை வலதுகைப் பக்கமாக வைத்துத்தான் சுற்றுகிறாள். பாதியில் நிற்கக் கூடாது, திரும்பக் கூடாது.

இதோடு நின்றிருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். தீபாவளியன்று நீ பேசும்போது, அந்தக் காலை வைத்துக்கொண்டு அம்மாவால் ஏர்போர்ட்டில் பெட்டி இழுத்துக்கொண்டு அலைய முடியாது, பிரசவத்துக்கு வர வேண்டாம், நாங்கள் ஆள் வைத்துப் பார்த்துக்கொள்கிறோம் என்றாய். அவளும் சரி கண்ணு என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். மறுநாள் காலையில் பரண்மேல் இருந்த சக்கரப் பெட்டியை இறக்கச் சொன்னாள். அது நிறைய ரேஷன் அரிசியைக் கொட்டி மூடி, அதை இழுத்துக்கொண்டு பிரதட்சணத்துக்குக் கிளம்பிவிட்டாள். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான், முன்னால் அவள், நடுவில் பெட்டி, பின்னால் நான். ஊரில் என்ன நினைப்பார்கள் சொல். டவுன் பஸ் டிரைவர் தினமும் வண்டியை நிறுத்தி, ஏறுங்கம்மா என்கிறார். பக்கத்து வீட்டுச் சாய்ப்ரியா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த வயதில் என்னங்க சண்டை, நீங்களே இறங்கிப் போயிருங்க என்று புத்தி சொன்னாள். நான் விளக்கிச் சொன்னேன், யாரும் நம்பவில்லை. அவள் தினமும் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குக் கிளம்புவதாகவும், நான் பின்னாலேயே போய்க் கெஞ்சிக் கூட்டி வருவதாகவும் ஊர் முடிவு செய்துவிட்டது. பேக்கரிக்காரர் என்னிடம் டீக்குக் காசு வாங்குவதில்லை.

போன செவ்வாய்க்கிழமை, சுற்று முடியப் போகிற இடத்தில், வாழைத் தோட்டத்துப் பாதையில் ஒற்றை யானை குறுக்கே நின்றது. வனத்துறைக் காவலர் சென்னிமலை, வந்த வழியே திரும்பிப் போய்விடச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டார். உன் அம்மா நகரவில்லை. "திரும்பி நடந்தா சுத்துனதெல்லாம் அவுந்து போயிருமுங்க, எம்புள்ள காரியமுங்க இது" என்றாள். பிள்ளையாரைச் சுற்றி வருகிறவள் முன்னால் அவரே வந்து வழியை மறித்தால் நான் யாரிடம் போய் முறையிடுவது? சென்னிமலையும் முறையிட ஆள் இல்லாமல் எங்களைப் பக்கத்துத் தோட்டத்து மோட்டார் ரூமுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். யானை வாழையை நிதானமாகச் சாப்பிட்டது. வெயில் ஏறியது. நான் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன். அவளை உட்காரச் சொன்னதற்கு, ஏர்போர்ட் வரிசையில் யாருங்க உட்கார விடுவாங்க என்று கேட்டுவிட்டு நின்றுகொண்டே இருந்தாள். யானை போன பிறகு மீதி வழியையும் நடந்து முடித்தாள். கடைசியில் ஒரு சக்கரம் கழன்றுவிட்டது, நான் தூக்குகிறேன் என்றாலும் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்தபோது, இத்தனைக்கும் அப்புறம் நவ்யா வேண்டாம் என்றால் என்ன செய்வாய் என்று கேட்டேன். "வேண்டாம்னா வேண்டாமுங்க, பெட்டியப் பரண்ல ஏத்திப்போடுங்க. என்னால முடியாதுன்னு மட்டும் அவ சொல்ல வேண்டாமுங்க" என்றாள். அதுவரை நான் உன் பக்கம்தான் இருந்தேன் நவ்யா. அவள் காலுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம், இப்போதும் இருக்கிறது. ஆனாலும் உன் முதல் பிரசவத்துக்கு அவள் வருவதுதான் முறை. வருவாள், முடியும், நான் கண்ணால் பார்த்தேன்.

அதனால் ஒரு காரியம் செய்துவிட்டேன். அவள் குளிக்கப் போயிருந்தபோது நீ போன் செய்ததாகவும், அம்மா கட்டாயம் வர வேண்டும் என்று சொன்னதாகவும் சொல்லிவிட்டேன். நிசமாலுமா என்று ஒரே தடவை கேட்டாள். பிறகு பெட்டியிலிருந்து அரிசியை டப்பாவில் கொட்டிவிட்டு, பிரசவ மருந்துக்குச் சுக்கு, மிளகு, திப்பிலி வாங்கக் கடைக்குப் போனாள். சக்கரத்தை நான் மாட்டிவிட்டேன்.

ஆகவே, இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை பேசும்போது மறந்துவிடாதே. முதலில் கால் எப்படி இருக்கிறது என்று கேட்காதே, எப்போது வருகிறாய் என்று கேள். விசாவுக்கு வேண்டிய கடிதத்தை மாப்பிள்ளையை அனுப்பச் சொல். வேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள். நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுளோடு இருக்க எங்கள் ஆசீர்வாதம்.

மாடுகளை விட்டுவிட்டு நான் வருவதற்கில்லை. அவள் நிஜமாகவே பெட்டியோடு கிளம்புகிற அன்றைக்கு ஊரில் யாரும் நம்பப் போவதில்லை. ஒரு சுற்று சுற்றிவிட்டுப் பேக்கரிக்கு வந்துவிடுவாள் என்றுதான் நினைப்பார்கள். நானும் அப்படியே நினைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.

அன்புள்ள அப்பா,
ரங்கராஜ்