நந்தன் போட்ட வாக்கு

மார்ச் 12, செவ்வாய்

பனி உருகுகிறது. வழுக்காமல் இருக்க வீதிக்குப் போட்ட சல்லிக்கல் எல்லாருடைய சப்பாத்திலும் ஒட்டி வீட்டுக்குள் வருகிறது. காலையும் கூட்டினேன், மாலையும் கூட்டினேன். பயனில்லை.

வாங்க வேண்டியவை: பால், வெங்காயம், தயிர், ஆரணிக்குக் காலுறை. (ஒற்றைகள்தான் மிச்சம்.)

ஸ்டோவ்னர் முதியோர் இல்லத்தில் காலை வேலை. கூட வேலை செய்யும் பெரித் கேட்டாள், "உன்னுடைய ஆங்கிலேயன் என்ன சொல்கிறான்?" நந்தனைத்தான் அப்படிச் சொல்வாள். லண்டனில் பன்னிரண்டு வருடம் இருந்து, பிரிட்டிஷ் கடவுச்சீட்டோடு என்னைக் கலியாணம் கட்டி ஒஸ்லோவுக்கு வந்தவர். இவர் ஒன்றும் சொல்வதில்லை என்றேன். உண்மை அதுதான்.

மாலை, சாப்பிட்டபடி தொலைக்காட்சி. லண்டன் நாடாளுமன்றத்தில் பிரெக்ஸிட் ஒப்பந்தம் மறுபடியும் தோற்றது. சபாநாயகர் "ஓடர், ஓடர்" என்று கத்துவதை மகள் ஆரணி அப்படியே செய்து காட்டினாள். பதின்மூன்று வயது, குரல் நன்றாக வருகிறது. எனக்கோ பார்க்கப் பார்க்க ஆச்சரியம். பிரதமரின் சொந்தக் கட்சிக்காரரே எழும்பி நின்று பிழை என்கிறார். இவ்வளவு சத்தம் போட்டுவிட்டு எல்லாரும் உயிரோடு வீட்டுக்குப் போகிறார்கள்.

நான் சொன்னேன், "உந்தப் பிரெக்ஸிட்டுக்கு வாக்குப் போட்டவையைப் பிடிச்சு இஞ்சை சல்லிக்கல் கூட்ட விடோணும்."

ந. எழும்பிக் குசினிக்குப் போனார். கழுவிக் கவிழ்த்த சட்டியை எடுத்துத் திரும்பக் கழுவினார்.


மார்ச் 13, புதன்

மழையும் பனியும் கலந்து. கோயில் கூட்டங்களை நடத்தும் சிவபாதம் அண்ணை தொலைபேசியில். ஞாயிறு இரண்டு மணிக்கு எங்கள் தொடர்மாடியின் பொது மண்டபத்தில் கூட்டம். பிரிட்டிஷ் கடவுச்சீட்டோடு இங்கே இருப்பவர்களும், லண்டனில் பிள்ளைகள் உள்ளவர்களும் பயந்து போயிருக்கிறார்களாம். "நந்தன் அங்கை இருந்தவர்தானே. கொஞ்சம் விளங்கப்படுத்தட்டும்."

ந. "பாப்பம்" என்றார். அவருடைய பாப்பம் என்றால் மாட்டேன்.

அவருடைய பத்திரங்களை எடுத்து அடுக்கினேன். கடவுச்சீட்டு, வேலை ஒப்பந்தம், வரிக் கடிதம், கலியாணப் பதிவு. ஒப்பந்தம் இல்லாமலே பிரிட்டன் பிரிந்தாலும் ஏற்கெனவே இங்கே வாழ்கிறவர்கள் தொடர்ந்து இருக்கலாம் என்று அரசாங்க அறிவிப்பில் இருக்கிறது. இருந்தாலும் நீலக் கோப்பு ஒன்றில் போட்டு, கைக்கு எட்டும் தட்டில் வைத்தேன்.


மார்ச் 14, வியாழன்

தயிர் வாங்கவில்லை. காரணம் கீழே.

வேலை முடிந்து இருவருமாக ட்வெய்ட்டாவுக்குக் கடைக்குப் போனோம். காரை நிறுத்தினார். நான் இறங்கக் கதவைத் திறந்தேன். அவர் இறங்கவில்லை.

"ஒரு விசயம் சொல்லோணும்."

"சொல்லுங்கோவன்."

"நான் வெளியேறச் சொல்லித்தான் வாக்குப் போட்டனான்."

எனக்கு விளங்கவில்லை. "எங்கையிருந்து வெளியேற?" என்று கேட்டேன். கேட்டு முடிக்கத்தான் விளங்கியது.

லண்டனிலிருந்து தபாலில் வந்த வாக்குச்சீட்டு. மூன்று வருடம் ஆகப்போகிறது. வேலைக்குப் போகிற வழியில், புருசெத் தபால் பெட்டியில் போட்டாராம்.

"ஆரணிக்குத் தெரியுமோ?"

"இல்லை."

"வேறை ஆருக்கு?"

"ஒருத்தருக்கும் சொல்லேல்லை. உமக்குத்தான் முதல் சொல்லுறன்."

கதவைச் சாத்தினேன். "வீட்டை போவம்" என்றேன். கடைக்குள் போகவே இல்லை.


மார்ச் 15, வெள்ளி

கதைக்கவில்லை. தேநீரை மேசையில் வைக்கிறேன், எடுக்கிறார். அவ்வளவுதான்.

கோபம் எதற்கு என்று எனக்கே எழுதிப் பார்க்கிறேன். வாக்குக்கா? கொஞ்சம். அதைவிட, மூன்று வருடமாக நான் அந்த ஆட்களைத் திட்டத் திட்டப் பக்கத்தில் இருந்து சோறு சாப்பிட்டதற்கு. ஏன் போட்டார் என்று கேட்கவில்லை. கேட்டால் கதைக்க வேண்டி வரும்.

பெரித்திடம் கோப்பி நேரத்தில் விழுங்கி விழுங்கிச் சொன்னேன். அவள் பெரிதாக அதிரவில்லை. 1994இல் நோர்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்வதா என்று வாக்கெடுப்பு நடந்தபோது அவள் வேண்டாம் என்றாளாம், புருசன் வேண்டும் என்றாராம். வீட்டு யன்னலில் இரண்டு பேருடைய சுவரொட்டியும் பக்கத்தில் பக்கத்தில். பக்கத்து வீட்டுக்காரர் வந்து நின்று பார்த்துவிட்டுப் போவாராம்.

"பிறகு?"

"நான் வென்றேன். அவர் ஒரு கிழமை முகத்தை நீட்டிக்கொண்டு திரிந்தார். இப்பவும் நான் செய்தது பிழை என்றுதான் சொல்கிறார். போன ஞாயிறும் சொன்னார்."

இருபத்தைந்து வருடமாக! இன்றைக்கும் அவருக்குப் பிடித்த மீன் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனாள்.


மார்ச் 16, சனி

நிலக்கீழ் அறையில் எங்கள் துணி துவைக்கும் முறை. கேட்காமலே கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தார். இயந்திரம் சுற்றத் தொடங்கியதும் சொன்னார், "நாளைக்குக் கூட்டத்திலை சொல்லப் போறன்."

"என்னத்தை?"

"நான் போட்டதை."

"விசரே உங்களுக்கு? சனம் கிழிச்சுப்போடும்."

"போட்டவன் சொல்லாமல், போடாத ஆக்களோ விளங்கப்படுத்திறது?"

எனக்கு உள்ளுக்குள் பயம். ஊரில் சண்டைக் காலத்தில் எங்கள் வீட்டில் ஆமி பற்றியும் கதைத்ததில்லை, ஆயுதம் தூக்கிய இயக்கம் பற்றியும் கதைத்ததில்லை. யாராவது கேட்டால் "எங்களுக்கு ஒண்டும் தெரியாது" என்று சொல்ல அப்பா பழக்கியிருந்தார். சொன்னவர்களுக்கு என்ன நடந்தது என்று கண்டுதான் பழக்கினார். இங்கே வந்து இருபத்தாறு வருடம். சபையில் எழும்பி நின்று நான் ஒரு அபிப்பிராயம் சொன்னதில்லை.


மார்ச் 17, ஞாயிறு

நல்ல வெயில், காற்றில் குளிர். நாற்பது பேர் வரை வந்தார்கள். என் பங்கு மீன் ரோல்ஸ் முப்பது. ஐந்து வெடித்துவிட்டது, அடியில் மறைத்து வைத்தேன்.

சிவபாதம் அண்ணை முட்டை அவிக்கும் மணிக்கூட்டைக் கொண்டுவந்திருந்தார். ஆளுக்கு இரண்டு நிமிடம், மணி அடித்தால் நிறுத்திவிட்டுக் கதிரையில் இருக்க வேண்டும். கோயில் கூட்டத்தில் முக்கால் மணி நேரம் கதைக்கிற மனிதர், தானே மணிக்குக் கட்டுப்பட்டு இருந்தார். நம்ப முடியவில்லை.

முதலில் கார்த்திக் என்ற சென்னைப் பையன், மென்பொருள் வேலை. "எங்க கம்பெனி ஹெட் ஆபீஸ் லண்டன்ல இருக்கு. டீல் இல்லாம போனா எங்க டீமை என்ன பண்ணுவாங்கன்னு யாருக்கும் தெரியல. நீங்கல்லாம் நல்லா பேசறீங்கன்னு சொன்னாங்க, அதான் வந்தேன்." சபை முழுக்கச் சிரிப்பு. எங்களுக்குப் பேசுவது என்றால் ஏசுவது. பக்கத்தில் இருந்தவர் விளக்கியதும் அவருக்கும் சிரிப்பு. "ஓ! அப்ப இனிமேதான் பேசப்போறீங்களா?"

அடுத்தது யோகேஸ்வரி அக்கா. ஸ்டோவ்னரில் இருக்கிறார், அவருக்கும் பிரிட்டிஷ் கடவுச்சீட்டு, மகள் லண்டனில். நெருப்பு மாதிரிக் கதைத்தார். "பொய்யைச் சொல்லி வாக்கு வாங்கினவங்கள். சரி, பொய்யை நம்பிப் போட்டது ஆர்? எங்கடை சனத்திலையும் போட்டவை இருக்கினம். இண்டைக்கு ஒருத்தரும் வாய் திறக்கினமில்லை."

ந. எழும்பினார்.

"நான் போட்டனான், அக்கா."

பின்னாலிருந்து ஓர் ஆண் குரல், "வெக்கமில்லையோ?" இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் தொடங்கினார்கள். சிவபாதம் அண்ணை மணிக்கூட்டை முறுக்கி மேசையில் வைத்தார். "அவருக்கும் ரெண்டு நிமிசம். மற்றாக்கள் இருங்கோ." அந்த மனிதரைக் கும்பிடலாம் போல இருந்தது.

ந. சொன்னது, நினைவில் இருக்கிறபடி:

"அம்மாவை லண்டனுக்குக் கூப்பிட ரெண்டு தரம் விசாவுக்குப் போட்டம். படிவம் நிரப்பினது நான். ரெண்டு தரமும் இல்லை எண்டுட்டாங்கள். வந்தால் திரும்பிப் போகமாட்டா எண்டு எழுதியிருந்தது. அவவுக்கு வீட்டிலை ரெண்டு மாடு நிண்டது. மாட்டை விட்டிட்டு அவ ஒரு மாசத்துக்கு மேலை இருக்கமாட்டா. அதை எழுத அந்தப் படிவத்திலை இடமில்லை. அந்த நேரம் என்னோடை வேலை செய்த ஐரோப்பாப் பெடியங்கள் ஒரு அடையாள அட்டையோடை வந்து இறங்கினவங்கள். நல்ல பெடியங்கள். அவங்களிலை எனக்குக் கோவமில்லை. ஆனா கோவம் இருந்தது. அம்மா செத்த பிறகும் அது போகேல்லை. வாக்குச்சீட்டு வரேக்கை அந்தக் கோவம்தான் புள்ளடி கீறினது."

மணிக்கூட்டை ஒருக்காப் பார்த்தார்.

"நானும் அப்பிடி ஒரு பாஸ்போட் புத்தகத்தைக் காட்டித்தான் இந்த நாட்டிலை வந்து இறங்கினனான். ஒருத்தரும் என்னை ஒண்டும் கேக்கேல்லை. போடேக்கை அதை நான் யோசிக்கேல்லை. பிழை விட்டிட்டன். அதைச் சொல்லத்தான் எழும்பினனான்."

மணி அடித்தது. இருந்தார்.

யோ. அக்கா திரும்ப எழும்பினார். "என்ரை அம்மாவுக்கு மூண்டு தரம் இல்லை எண்டவங்கள். எனக்கும் கோவம்தான். ஆனா நான் இருக்கச் சொல்லித்தான் போட்டனான். கோவம் உள்ள எல்லாரும் உப்பிடிப் போடேல்லை, தம்பி."

"ஓம், அக்கா."

"சொல்லிப்போட்டீர் எண்டதுக்காக உம்மை நான் மன்னிக்கேல்லை."

"ஓம், அக்கா."

"தேத்தண்ணி குடிச்சனீரோ?"

"இல்லை."

தானே ஊற்றிக்கொண்டு வந்து கொடுத்தார். இரண்டு சீனி போட்டு. பிறகும் ஒரு மணித்தியாலம் சண்டை. ஒருவரும் எழும்பிப் போகவில்லை. கார்த்திக் நாலு ரோல்ஸ் சாப்பிட்டார், வெடித்ததையும் சேர்த்து.

வீட்டுக்கு நடந்து வரும்போது மூன்று நாளில் முதல் தரம் நானாகக் கதைத்தேன். "மாடுகளுக்கு என்ன பேர்?" விசா மறுத்த கதை எனக்குத் தெரியும். மாடுகளைப் பற்றி இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன்.

"ஒண்டு சிவப்பி. மற்றதுக்கு அம்மா பேர் வைக்கேல்லை. அது முட்டும்."


மார்ச் 18, திங்கள்

சுடச்சுட வாட்ஸ்அப். பின்னாலிருந்து வெட்கமில்லையோ என்றவர் குழுவை விட்டு வெளியேறிவிட்டார். (வெளியேறுவதில் இவர்தான் முன்னுக்கு என்று யாரோ பகிடி.) புருசெத் கடையில் ஒரு அக்கா என்னைக் காணாத மாதிரி மிளகாய்த்தூள் பார்த்தார். ந.வுக்கு இரண்டு பேர் தனியாக எழுதியிருக்கிறார்கள்: "நானும் அப்படித்தான் போட்டேன். ஒருவருக்கும் சொல்ல வேண்டாம்." சொல்லமாட்டார்.

ஆரணிக்குத் தகப்பன் தானே சொன்னார். முதலில் அழுதாள். "அப்பாவை இஞ்சை இருக்க விடாட்டி? அதை யோசிக்கேல்லையா?" கதவு அடித்துச் சாத்தல். ஒரு மணித்தியாலத்தால் வெளியே வந்து, அத்தனை பேருக்கு முன்னால் சொன்னது உண்மையா என்று என்னிடம் கேட்டாள். உண்மை என்றேன். "அப்பா தொஃப்தான்" என்றாள். தைரியசாலிக்கு அவர்கள் பள்ளிக்கூடத்துச் சொல். அவளிடமிருந்து லேசில் கிடைக்காது.

நான் அவருக்கு அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.


மார்ச் 20, புதன்

திரும்பப் பனி. யோ. அக்கா வேலை முடிந்து நேரே வந்தார். சனிக்கிழமை லண்டனில் பெரிய ஊர்வலம், இன்னொரு வாக்கெடுப்புக் கேட்டு. அவர் போகிறார்.

"பிழை எண்டு சொன்னனீர். வாரும், திருத்துவம்."

ந. மாட்டேன் என்றார். "நான் பிழையாப் போட்டன் எண்டதுக்காக வாக்கெடுப்புப் பிழை எண்டு ஆகாது, அக்கா. முடிவு வந்தாப்பிறகு திரும்பப் போடுவம் எண்டு கேக்கிறது சரியில்லை."

"அப்ப உம்மடை பிழையை எல்லாரும் சுமக்கிறதோ?"

"சுமக்கத்தான் வேணும். நானும் சேர்ந்துதான்."

அப்போது என் வாய் திறந்தது. "அண்டைக்கு என்ன வரப்போகுது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. இப்ப தெரியும். தெரிஞ்ச பிறகு ஒருக்காக் கேட்டால் என்ன பிழை?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"அப்ப நீர் வாரும்" என்றார் அக்கா.

"எனக்கு அங்கை வாக்கே இல்லை, அக்கா."

"நடக்கக் கால் இருக்குத்தானே?"

அவர் போன பிறகு ந.வும் நானும் கறி கருகும் வரை வாதாடினோம். அவர் விட்டுக் கொடுக்கவில்லை. நானும். கடைசியில் சொன்னார், "நீர் சொல்லுறது பிழை. ஆனா போய்ட்டு வாரும். சப்பாத்து நல்லதாப் போடும்."


மார்ச் 22, வெள்ளி

பெரித் என் வேலை முறையை எடுத்துக்கொண்டாள். தான் எதிர்ப்பக்கம் என்று ஞாபகப்படுத்திவிட்டுத்தான் எடுத்தாள்.

விமான நிலையத்துக்கு ந.தான் காரில் கொண்டுபோனார். வழி முழுக்க யோ. அக்காவும் அவரும் சண்டை. இறங்கும்போது அக்காவின் பெட்டியை முதலில் இறக்கினார். எனக்கு ஒரு பொதி: பாண், முட்டை, கால் கொப்புளத்துக்கு ஒட்டும் துண்டுகள்.


மார்ச் 23, சனி. லண்டன், அக்காவின் மகள் வீடு

இப்படி ஒரு சனத்தை நான் கண்டதில்லை. நீலமும் மஞ்சளும். நாய்க்கும் சட்டை. முதல் அரை மணி நேரம் வாயே திறக்கவில்லை, கமராவைக் கண்டால் முகத்தைத் திருப்பினேன். பிறகு யாரோ ஒரு கிழவி என் கையில் பலகை ஒன்றைத் தந்துவிட்டுச் சப்பாத்து நாடா கட்டக் குனிந்தார். நிமிர்ந்த பிறகும் நான் திருப்பிக் கொடுக்கவில்லை. கத்தினேன். என் குரல் இவ்வளவு பெரிதென்று தெரியாது.

ஒரு சந்தியில் எங்களுக்கு எதிரான பலகையோடு ஒருவர் தன்னந்தனியாக நின்றார். இத்தனை ஆயிரம் பேர் அவரைக் கடந்து போகிறோம். சிலர் கூக்காட்டினார்கள். அவர் பலகையை இறக்கவில்லை. ஒரு போலீஸ்காரர் பக்கத்தில் நின்று அவரோடு சாதாரணமாகக் கதைத்துக்கொண்டிருந்தார். அந்த மனிதரையும் நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

இப்போது சுடுநீரில் கால். அக்கா மகளோடு குசினியில். ந.விடமிருந்து செய்தி:

"உம்மடை பக்கம் பிழை எண்டுதான் இப்பவும் நினைக்கிறன். கால் நோகுதோ?"

எழுதினேன்: "முதலாவதுக்கு இல்லை. ரெண்டாவதுக்கு ஓம்."