எங்கள் வீட்டு கேஸ்ட்ரிக்

செவ்வாய்க்கிழமை.

ஆபீஸ் வாட்ஸ்அப்பில் மேனேஜரின் குரல் கேட்டாலே எனக்கு நெஞ்சு படபடக்கும், விரல்கள் சில்லிட்டுப்போகும், வயிற்றைப் பிசையும். இது பதற்றம்தான், வயிற்றில் ஒன்றுமில்லை என்று கிள்ளானில் டாக்டர் போன வருடமே சொல்லிவிட்டார். வீட்டில் மட்டும் இன்னும் கேஸ்ட்ரிக் என்றே சொல்லி, அதற்கான மருந்தையும் குடித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்று காலை பள்ளி வாசலில் மகள் ஷாலினி காரைவிட்டு இறங்கவில்லை. வகுப்பின் முன் நின்று மலாய் மொழியில் பேசும் தேர்வு அவளுக்கு.

"அம்மா, உங்க கேஸ்ட்ரிக் எனக்கும் வந்துருச்சும்மா. வயித்தப் பிசையுது."

பின்னால் ஹார்ன் அடித்தார்கள். எனக்கும் வேலைக்கு நேரமாகிவிட்டது.

"டிராமா போடாத லா, இறங்கு!" என்று கத்தினேன்.

பையைக் கொடுத்தபோது அவள் விரல்கள் என் கையில் பட்டன. ஐஸ் மாதிரி இருந்தன. எனக்குத் தெரியாத குளிரா அது? தெரிந்தும் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

சாயந்தரம் அவளே வந்து, "உங்க மருந்து கொஞ்சம் குடுங்கம்மா" என்றாள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு கரண்டி ஊற்றிக் கொடுத்தேன். முகம் சுளித்துக் குடித்தாள்.

"இது உங்களுக்குக் கேக்குதாம்மா?"

"ம், கேக்கும்" என்றேன்.