வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

ஜூன் 12

அன்புள்ள தையல் அக்காவுக்கு,

நலம்தானே? நாங்கள் பத்திரமாகக் கல்லூரி வந்து சேர்ந்தோம். வெள்ளத்தில் வீடு போன உங்களுக்கு எங்கள் கையாலேயே ஒரு வீடு கட்டிக் கொடுத்துவிட்டோம் என்று நினைத்தால் இன்னும் கண் கலங்குகிறது. அதுவும் பத்தே நாளில்! கல்லூரி விழாவில் உங்கள் படத்தை மேடை அகலத்துக்குப் போட்டோம். சுவரில் நாங்கள் பதித்த கைத்தடங்களைத் துடைத்துவிடாதீர்கள். வீட்டைப் பற்றி நாலு வரி எழுதுங்கள், ஆண்டு மலரில் போடுகிறோம்.

உங்களுக்காகத் தினமும் பிரார்த்திக்கும், வெயில் தொப்பியைப் பார்த்து நீங்கள் பெயர் வைத்த உங்கள்
தொப்பித் தங்கை,
சேவைக் குழுச் செயலாளர்

ஜூன் 20

தொப்பித் தங்கைக்கு,

நானும் மகளும் நலம். நாலு வரி கேட்டாய். மலரில் போட்டுக்கொள்.

கதவுக்குத் தாழ்ப்பாளை வெளிப்பக்கம் வைத்திருக்கிறீர்கள். உள்ளே ஒன்றும் இல்லை. நாங்கள் வெளியே போனால் வீட்டைப் பூட்டலாம். உள்ளே இருந்தால் யார் வேண்டுமானாலும் எங்களைப் பூட்டலாம். மாட்டுக் கொட்டகைக்குத்தான் அப்படி வைப்பார்கள். முப்பது பேர், அத்தனை பேரும் படித்தவர்கள். ரிப்பன் வெட்டி, கதவைத் திறந்து படம் எடுத்ததோடு சரி. ஒருவராவது உள்ளே நின்று கதவைச் சாத்திப் பார்த்தீர்களா?

நானே மாற்றியிருப்பேன். ஓராண்டுக்குக் குழுவின் அனுமதியில்லாமல் ஓர் ஆணியைக்கூட அசைக்கக் கூடாது, அசைத்தால் வீட்டைத் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று நீதானே என்னிடம் கையெழுத்து வாங்கினாய்? பதினைந்து வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டு, தையல் மெஷினை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுப் படுக்கிறேன். அனுமதி என்று ஒரு வரி எழுதினால் போதும். பிரார்த்தனையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தையல்காரி

ஜூலை 9

அன்பு அக்கா,

உங்கள் கிண்டல் இருக்கிறதே! விடுதியில் படித்துக் காட்டினேன், எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

தாழ்ப்பாள் விஷயத்தைக் குழுவில் வைத்தேன். உங்களுக்கு அனுமதி கொடுத்தால் நாங்கள் கட்டிக் கொடுத்த எல்லா வீட்டுக்காரர்களும் கேட்பார்கள் என்கிறார் எங்கள் பேராசிரியர். கவலை வேண்டாம். ஆகஸ்டில் இரண்டாம் குழு வருகிறது, அவர்களுக்கும் ஏதாவது வேலை வேண்டுமே! அதுவரை வீட்டை அழகுபடுத்த ஒரு டப்பா மஞ்சள் பெயிண்ட் அனுப்புகிறேன்.

அன்புடன்,
தொப்பித் தங்கை

ஜூலை 18

தங்கைக்கு,

பெயிண்ட் வந்தது. அதற்கு அடுத்த நாள் எவனோ குடித்துவிட்டு வந்து கதவைத் தள்ளினான். மெஷின் ஒரு முழம் நகர்ந்தது. மகள் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள், நான் கத்தரிக்கோலோடு நின்றேன். கடைசியில் அவன் வெளியே தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போனான். காலையில் பால்காரர் வந்துதான் திறந்துவிட்டார்.

இதையும் விடுதியில் படித்துக் காட்டு.

தையல்காரி

ஆகஸ்ட் 14

அன்பு அக்கா,

படித்துக் காட்டவில்லை. எப்படி எழுதுவது என்று தெரியாமல் இத்தனை நாள் இருந்துவிட்டேன். நேரில் பேசலாம் என்று இரண்டாம் குழுவோடு நானும் வந்தேன். பித்தளைத் தாழ்ப்பாள் ஒன்றும் வாங்கி வந்தேன். அரை மணி நேரம் தட்டினோம், நீங்கள் இல்லை. பழைய தாழ்ப்பாளை யாரோ திருடிக்கொண்டு போயிருக்கிறார்கள், கதவில் நாலு ஓட்டைதான் இருந்தது. எனக்குப் பயமாகிவிட்டது. மற்றவர்கள் அவசரப்படுத்தியதால் கதவு முன்னால் நின்று படம் மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். எங்கே இருக்கிறீர்கள் என்று உடனே எழுதுங்கள்.

தங்கை

ஆகஸ்ட் 22

தங்கைக்கு,

தாழ்ப்பாளை யாரும் திருடவில்லை. போன கடிதத்தைத் தபாலில் போட்ட கையோடு, மெஷினுக்கு வைத்திருக்கும் திருப்புளியால் நானே கழற்றி உள்பக்கம் பொருத்திவிட்டேன். வீட்டைத் திரும்ப எடுப்பதாக இருந்தால் வரட்டும், கதவைத் தட்டிவிட்டு வரட்டும்.

நீங்கள் தட்டியபோது நாங்கள் உள்ளேதான் இருந்தோம். "அக்கா, அக்கா" என்று நீ கூப்பிட்டதும் கேட்டது.

"அம்மா, தொப்பியக்கா பாவம்மா, தொறக்கட்டுமா?" என்றாள் மகள்.

"இரு, தாழ்ப்பாள் வேலை செய்யுதான்னு பாக்கணும்ல?" என்றேன்.

நன்றாக வேலை செய்கிறது.

தையல்காரி