பொறுப்பாளர் கையொப்பம்

பிரெடெரிசியா, டென்மார்க்
ஞாயிறு, பூசைக்குப் பிறகு

என் அன்பு மகள் ஸ்ரெபானிக்கு,

மடு மாதாவின் காவல் உன்னோடு இருப்பதாக. நீ சுகமாக இருந்தால் நாங்களும் இங்கே சுகம்தான், ஆனால் போன ஞாயிறு நீ தொலைபேசியைப் பாதியில் வைத்ததால் ஒரு கிழமையாக எனக்கு மட்டும் அரைச் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி, ஆனாலும் சைக்கிளை விடமாட்டேன் என்கிறார். தம்பி றொஜிதன் கார் ஓட்டும் பரீட்சையில் இரண்டாம் தடவையும் விழுந்துவிட்டான், பிழை முழுக்கப் பரீட்சகரில்தானாம். உன் மாமி காண்கிறவர்களிடமெல்லாம் "ஸ்ரெபானி இப்ப அம்மானில நிக்கிறாள்" என்கிறார், அவர்களும் எந்த அம்மான், தாயின்ர தமையனோ என்று கேட்கிறார்கள். ஜோர்தான்காரர் தலைநகருக்கு வேறு பெயர் பார்த்திருக்கலாம். வாட்ஸப்பில் எழுதினால் பாதியில் மூடிவிடுவாய் என்றுதான் இதைக் கடதாசியில் எழுதுகிறேன்.

விசயத்துக்கு வருகிறேன். உன் ஆராய்ச்சிப் புத்தகத்தின் அந்த மூன்றாம் அத்தியாயம் அச்சில் வந்தால் அங்கே உன் வதிவிட அனுமதியைப் புதுப்பிப்பது கஷ்டமாகலாம் என்று உன் பேராசிரியர் சொன்னதாகப் போன ஞாயிறு நீ சொன்னாய். வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று மேலே அரசாங்கத்தில் இருந்து ஒரு தாள் வருகிறது, ஒரு இமாம் அதை உனக்குக் காட்டினார், நீ எழுதிவிட்டாய். ஆளுகிறவர்கள் மார்க்க அறிஞர்களுக்குச் சம்பளமும் குடும்பச் சட்டத்தில் அதிகாரமும் கொடுக்கிறார்கள், பதிலுக்கு அவர்கள் மக்களின் கீழ்ப்படிதலை வாங்கிக் கொடுக்கிறார்கள், ஒருவருக்கு ஒருவர் பயம், ஆனால் ஒருவரை ஒருவர் விடவும் முடியாது என்று நீ பொறுமையாக விளக்கினாய். நான் எதையும் காதில் வாங்கவில்லை. "பெத்தவள் சொல்லுறன், புத்தகத்தில இருந்து அதை எடு எண்டால் எடு" என்று கத்தினேன். நீ எனக்கு அதிகாரி இல்லை என்று டேனிஷில் சொல்லிவிட்டு வைத்தாய். எனக்கு அவ்வளவு டேனிஷ் விளங்கும், பிள்ளை.

திங்கட்கிழமை வேலையில் ஹனானிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவள் சிரியாவில் ஹோம்ஸ் நகரத்தில் ரீச்சராக இருந்தவள், இப்போது முதியோர் இல்லத்தில் என்னோடு கட்டில் விரிப்பு மாற்றுகிறாள், ஐந்து வேளைத் தொழுகையில் ஒன்றையும் தவறவிடமாட்டாள். நாங்கள் இரண்டு பேரும் கதைக்கும் டேனிஷை ஒரு டேனிஷ்காரர் கேட்டால் அழுதுவிடுவார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு ஹனான் சிரித்தாள். நீ மகளுக்கு 'வலி அல்-அம்ர்' ஆகப் பார்க்கிறாய் என்றாள், அரபியில் பொறுப்பாளர் என்று அர்த்தமாம். பள்ளிக்கூடப் படிவத்தில் பிள்ளையின் பொறுப்பாளர் கையெழுத்துப் போடும் இடத்தில் அந்தச் சொல்தான் இருக்குமாம். பிரசங்கத்தில் நாட்டை ஆளுகிறவருக்கும் அதே சொல்தானாம். ஒரே சொல்லை வைத்து நாடு முழுவதையும் பள்ளிக்கூடப் பிள்ளையாக்கி வைத்திருந்தார்கள், அல்லாவுக்குப் பணிய எனக்கு நடுவில் ஆள் தேவையில்லை என்றாள். மார்க்கத்தில் பழமை பேணுகிற எல்லாரும் அரசன் பக்கம் என்றும் நினைக்காதே, ஆளுகிறவனைக் கேள்வி கேட்டுச் சிறைக்குப் போனவர்களும் அவர்களுக்குள் உண்டு என்றாள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியில்தான் குத்தியது. ஆளுகிறவர்களுக்குப் பணிந்திருங்கள் என்று வேதாகமத்தில் புனித சின்னப்பர் எழுதியதைப் பூசையில் கேட்டுத் தலையாட்டுகிறவள்தானே நானும்.

உனக்குச் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரில் இருந்து முஸ்லிம் சனத்தைத் துவக்கோடு நின்ற எங்கள் இயக்கம் வெளியேறச் சொன்னபோது எனக்கு இருபத்து மூன்று வயது. என்னோடு தையல் பழகிய ஜெசீமா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். என்னைப் பெற்ற அப்பு "மேலிடத்து உத்தரவு, வாய் திறவாதை, உள்ள போ" என்றார். போனேன், கதவையும் சாத்தினேன். மூன்று தரம் கூப்பிட்டாள். அப்பு கெட்ட மனிதர் இல்லை, என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார், நான் உன்னைக் காப்பாற்ற நினைத்தது போல. ஆனால் அந்தக் கீழ்ப்படிதலுக்காக நான் இன்றுவரை வெட்கப்படுகிறேன். என் பிள்ளைக்கு அந்த வெட்கம் வேண்டாம்.

ஆகவே அத்தியாயம் இருக்கட்டும், அதில் உன் பெயரும் இருக்கட்டும். நீ முந்தி அனுப்பியிருந்ததை நேற்று றொஜிதனை வாசிக்கச் சொல்லி முழுவதையும் கேட்டேன், அரைவாசி விளங்கவில்லை, விளங்கிய அரைவாசி நன்றாக இருக்கிறது. ஒன்று மட்டும், அந்த மார்க்க அறிஞர்களைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி ஒரு வரியும் வரக்கூடாது, இங்கேயும் டேனிஷ்காரரின் தேவாலயத்துப் பாதிரிமாரின் சம்பளத்தில் ஒரு பங்கு அரசாங்கத்தினதுதான். அனுமதி கிடைக்காவிட்டால் வீட்டுக்கு வா, உன் அறையில் இருக்கும் உடற்பயிற்சிச் சாமான்களை எடுக்கச் சொல்லி றொஜிதனுக்குச் சொல்லிவிட்டேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறான். எனக்குப் பயம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன், ஆனால் பயத்தைவிட உன்னில் எனக்கு நம்பிக்கை கூட. வெயிலில் தொப்பி இல்லாமல் திரியாதே.

மறக்காதே, தாளைக் காட்டிய அந்த இமாமின் பெயரோ பள்ளிவாசலோ தெருவோ எங்கேயும் வரக்கூடாது. உன்னிடம் டென்மார்க் கடவுச்சீட்டு இருக்கிறது, அவரிடம் இல்லை. சின்ன வயதில் வகுப்போடு சுற்றுலா போகும் அனுமதித் தாளை பஸ் வருகிற நேரத்தில்தான் நீட்டுவாய், நானும் வாசிக்காமலே கையெழுத்து வைப்பேன். இந்த முறை வாசித்துக் கேட்டுவிட்டு வைக்கிறேன். இருபத்தொன்பது வயதுக்காரிக்கு இது தேவையில்லை என்று தெரியும், இருந்தாலும் போட்டு அனுப்புகிறேன். கர்த்தர் உன் கையையும் பேனாவையும் ஆசீர்வதிப்பாராக.

பொறுப்பாளர் கையொப்பம்:
அம்மா
ராசமலர் மரியரட்ணம்