உதிராமல் நின்ற முகம்

ஐப்பசி, வியாழன், 1984. புதூர்நாடு.

மழைநீர் இறங்கியதில் அருங்காட்சியகச் சுவரிலிருக்கும் அறுவடை ஓவியம் உப்பி உதிர்கிறது. சுண்ணாம்பு அடித்துவிடலாம் என்றார் அதிகாரி. ஓவியத்தைச் சீர்செய்து பார்க்க இன்று ஒரு நாள் மட்டும் கேட்டு வாங்கினேன்.

ஓவியத்தில் இருக்கும் மேளக்காரரின் முகம்தான் அதிகம் பெயர்ந்திருந்தது. வண்ணம் உதிராதிருக்க மேலே மெல்லிய தாளை ஒட்டி, வண்ணத்துக்குப் பின்னால் ஊசியால் பசை செலுத்தினேன். மாலையில் தாளை ஓரத்திலிருந்து மெதுவாக உரித்தேன். முகம் சுவரிலேயே நின்றது.

காவலுக்கு இருக்கும் பொன்னி அழுதுவிட்டாள். "இன்னா மேடம், எங்க வூட்டுக்காரரு அப்படியே கீறாருங்களே!"

இறந்துபோன அவள் கணவர் உயிரோடிருந்தபோது, அவரைப் பார்த்துத்தான் ஓவியர் மேளக்காரரை வரைந்தாராம். அவளிடம் வேறு படமே இல்லை.

அதிகாரி வெகுநேரம் பார்த்தார். "சுண்ணாம்பு வேணாங்க. மொதல்ல கூரைய சரி பண்ணிடலாம்."

சுவர் இன்னும் ஈரம்தான். மறுபடி மழை பிடித்தால்... அதை இப்போது நினைக்க வேண்டாம். நாளை மேளத்தின் மேலிருக்கும் கைகளைத் தொடங்க வேண்டும்.