முதுகு தட்டையான மிஷின்

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே அனைவரும் நலம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். உண்மையில் உங்கள் தங்கைக்குக் கழுத்து வலி, எனக்குத் தலைவலி. என் தலைவலிக்குக் காரணம் நீங்கள். போனில் பேசித் தீர்க்கலாம் என்றால், நான் மிஷின் என்று வாயெடுத்ததும் "உங்க இஷ்டம் மாப்ளே" என்று சொல்லி போனை உங்கள் மகளிடம் கொடுத்துவிடுகிறீர்கள். அவள் பாவம், "மாமா, அப்பா இன்னைக்குக் கம்பு இல்லாம வாசல் வரைக்கும் நடந்தாங்க" என்று பேச்சை மாற்றுகிறாள். நல்ல செய்திதான், சந்தோஷம்தான். ஆனால் நான் கேட்ட கேள்வி அப்படியே கிடக்கிறது. கடிதத்தை அப்படி யார் கையிலும் தள்ளிவிட முடியாது என்பதால் எழுதுகிறேன்.

நம் தச்சுப் பட்டறைக்குச் சின்னதாக ஒரு பெல்ட் சாண்டர் வாங்கலாம் என்று நான் சொல்லி இரண்டு மாதம் ஆகிறது. முதல் வாரம் நீங்கள் சொன்னது, "வாங்கினா பெருசா வாங்குங்க, கனம் இருந்தாத்தான் அதுவே அழுத்தும்." சரி என்று விலை விசாரித்துவிட்டு வந்தால், "மிஷின் எதுக்கு, மரத்தைத் தின்னுடும், உப்புத்தாளே போதும்" என்றீர்கள். இதற்கு நடுவில் உங்கள் தங்கை வேறு. ஒரு பெல்ட் வாங்க எதற்கு மூன்று தடவை கடைக்குப் போக வேண்டும், இடுப்பு அவ்வளவா பெருத்துவிட்டது என்று கேட்டாள். இரண்டு உருளை மேல் உப்புத்தாள் பட்டை ஓடும், மரத்தில் வைத்தால் தேய்த்துக் கொடுக்கும் என்று அவளுக்குப் பாடம் நடத்தினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, அதைத்தானே எங்கள் அண்ணன் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தார் என்றாள்.

அதுதான் பிரச்சினை. இத்தனை வருடமும் அறுப்பதும் பொருத்துவதும் நான், தேய்த்து முடிப்பது நீங்கள் என்று பிரித்துக்கொண்டது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று பக்கவாதத்தில் உங்கள் வலது கை விழுந்த பிறகுதான் தெரிகிறது. குழந்தைகள் வகுப்புக்கு நாற்பது முக்காலி ஒப்புக்கொண்டோமே, அதில் முதல் பத்தை என் உப்புத்தாள் வேலையோடு கொண்டுபோய் இறக்கினேன். டீச்சரம்மா ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்து ஆறைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "பிள்ளைங்க உட்கார்ற இடம். சிலாம்பு ஏறினா யாரு பதில் சொல்றது?" என்று கேட்டார். மாதக் கடைசிக்குள் சரியாக வராவிட்டால் பிளாஸ்டிக்கில் வாங்கிக்கொள்வாராம்.

இந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது. இடது கையால் எழுதிய முதல் கடிதம், கோழி கிறுக்கின மாதிரி இருந்தாலும் ஆசையாகப் பிரித்தேன். உள்ளே என்ன? "உங்க ஒருத்தருக்கு எது போதுமோ அதை வாங்கிக்கோங்க. என் உளி, இழைப்புளி எல்லாம் வேலை தெரிஞ்ச யாருக்காவது கொடுத்துடுங்க." ஐந்து மாதமாகக் கையைப் பயிற்சி செய்து, இதை எழுதத்தானா பேனாவைப் பிடித்தீர்கள்? உங்கள் தங்கையும் அதை வாங்கிப் படித்தாள். சாயங்காலம் உங்கள் உளிகளை எடுத்து ஒவ்வொன்றாக எண்ணெய் தடவித் துடைத்து, பெட்டியைப் பூட்டிச் சாவியை எங்கேயோ வைத்துவிட்டாள். எங்கே என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. ஆகையால் உளி விஷயம் அத்தோடு முடிந்தது. இனி எழுத வேண்டாம்.

அந்த "ஒருத்தருக்கு" என்ற வார்த்தை எனக்கு எவ்வளவு கோபத்தைக் கிளப்பியது என்றால், மறுநாள் கடை திறக்கும்போதே போய் நின்றேன். வலது கையை பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டேன். இடது கையால் மட்டும் எந்த மிஷினை ஓட்ட முடிகிறதோ அதைத்தான் வாங்குவது என்று முடிவு. முதலில் நீங்கள் சொன்ன கனமானது. சுவிட்சைப் போட்டதும் அது என்னையும் இழுத்துக்கொண்டு பலகையின் கடைசிக்கு ஓடி, கடைக்காரர் மேசையின் ஓரத்தைக் கடித்துவிட்டது. அடுத்து, இருப்பதிலேயே மலிவானது. அதற்குப் பெல்ட் எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். மிஷினோடு இரண்டு வரும் என்றார். அது தேய்ந்தால் என்று கேட்டதற்கு மனிதர் மின்விசிறியைப் பார்த்தார். அந்த அளவுப் பெல்ட் எந்தக் கடையிலும் கிடையாதாம். வாங்கியிருந்தால் மூன்றாம் மாதம் அதை வைத்து ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்திருக்கலாம்.

மூன்றாவது கையடக்கமானது. கனமும் இல்லை, விலையும் நமக்குக் கட்டுப்படியாகிற விலை, பெல்ட்டும் எல்லாக் கடையிலும் கிடைக்கிற அளவு. ஆனால் ஒரு கைக்கு அதுவும் அடங்கவில்லை. "சார், இது ரெண்டு கையால பிடிக்கிற மிஷின், பெட்டி மேலயே போட்டிருக்கு" என்றார் கடைக்காரர். ரெண்டு கையும் வேலை செஞ்சா நான் ஏன் இங்கே மல்லுக்கட்டுறேன் என்று கத்திவிட்டேன். அவர் என் பேண்ட் பையைப் பார்த்தார், பிறகு பரிதாபமாக என்னைப் பார்த்தார். அதற்கப்புறம் கையை எப்படி வெளியே எடுப்பது? மூக்கு அரித்தபோதுகூட எடுக்கவில்லை.

பில் போடும் அம்மா ஒருவர் இருக்கிறார், அதுவரை வாயே திறக்காதவர். அங்கிருந்தபடியே, "மிஷினை ஏங்க பிடிக்கிறீங்க? முதுகு தட்டையா இருக்கான்னு பாருங்க. கவுத்திப் போட்டு மேசையோட இறுக்கிடுங்க. மரத்தைக் கொண்டுபோய் அதுகிட்ட காட்டுங்க" என்றார். கனமானதற்கு முதுகு உருண்டை, மலிவானதற்குக் கூன். அந்தச் சின்னதற்கு மட்டும் பலகை மாதிரித் தட்டை, இறுக்குவதற்கு இரண்டு பிடிகளும் அதனோடு வருகின்றன. வாட்ஸ், வேகம், வாரண்டி என்று இரண்டு மாதம் நாம் அலசியதில் முதுகைப் பற்றி நீங்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. சந்தோஷத்தில் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிவிட்டேன். கை சரியாகிவிட்டதா என்று அந்த அம்மா கேட்டார். எனக்கில்லை, என் மச்சானுக்கு என்றேன். "அதை மொதல்லயே சொல்லியிருந்தா இத்தனை தடவை அலைய வேணாமே" என்று திட்டிக்கொண்டே பில்லைக் கிழித்துக் கொடுத்தார்.

கொண்டுவந்து, இப்போதைக்கு நம் பழைய மேசையில் கவிழ்த்து வைத்து இறுக்கிவிட்டேன். மரம் சாய்ந்து நிற்க ஒரு தடுப்புக் கட்டை இருக்கிறது. தனியாக ஒரு சுவிட்ச் காலுக்குக் கீழே வைத்திருக்கிறேன், காலை எடுத்தால் மிஷின் நின்றுவிடும். இடது கை ஒன்று போதும். வலது கை மடியில் சும்மா கிடக்கட்டும், இத்தனை வருடம் உழைத்தது.

இனி ஒரு முக்காலியும் திரும்பி வராது என்று இறுமாப்போடு நான்தான் முதலில் உட்கார்ந்தேன். இரண்டு முக்காலி பாழ். நடுவில் பள்ளம் விழுந்திருக்கிறது, எனக்குத் தெரியவே இல்லை, உங்கள் தங்கை சொல்லித்தான் தெரிந்தது. அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். நீங்கள் வலது கையால் தேய்ப்பீர்கள். ஆனால் நிறுத்தி நிறுத்தித் தடவிப் பார்த்து, போதும், போதாது என்று சொன்னது எப்போதும் உங்கள் இடது கைதான். மச்சான், தேய்க்க மிஷின் வந்துவிட்டது. தடவிப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

கோபத்தில் நிறைய எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தனியாக வேலை செய்ய எனக்குப் பிடிக்கவில்லை. பயமாகவும் இருக்கிறது. காலையில் கதவைத் திறந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நிற்கிறேன். இதை உங்கள் தங்கையிடம் சொல்லவில்லை.

இப்போது ஒரு காரியம் நீங்கள் செய்ய வேண்டும். மிஷினுக்கென்று செய்கிற புது மேசைக்கு இன்னும் கால் அறுக்கவில்லை. நாற்காலியில் நேராக உட்கார்ந்து, தரையிலிருந்து உங்கள் இடது முழங்கை வரை எவ்வளவு என்று மகளை அளக்கச் சொல்லுங்கள். அந்த உயரத்துக்குத்தான் அறுப்பேன். முடியுமா, முடியாதா, எப்போது என்று எதுவும் எழுத வேண்டாம். அளவை மட்டும் உங்கள் கையாலேயே எழுதி அனுப்புங்கள்.

ரம்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும்,
உங்கள் மாப்பிள்ளை