பழகிப் பார்த்த பயணம்

டோகா, டிசம்பர் 6

அன்புள்ள அம்மா,

நான் சுகம். நீங்கள் பிரஷர் குளிசையை விடாமல் போடுங்கோ.

போன வருடம் விமானம் மாறும் இடத்தில் வழி தவறி, நத்தார்ப் பூசை முடிந்த பிறகுதானே வந்து சேர்ந்தேன். இம்முறை நேர் விமானம், பதினெட்டாம் திகதி. லீவு நாளில் விமான நிலையத்துக்குப் போய் வழியை நடந்தும் பார்த்துவிட்டேன்.

அங்கே நின்ற காவலாளி நம்மூர்த் தமிழர்.

"எங்க போறீங்கள், தங்கச்சி?"

"இண்டைக்கு எங்கயும் இல்லை, அண்ணை. பழகிப் பாக்கிறன்."

அவர் சிரித்துவிட்டு, எந்த வரிசையில் நிற்பதென்று காட்டினார். பிறகு, வந்திறங்குபவர்களை வீட்டார் கட்டிப்பிடிப்பதைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

கட்டுநாயக்காவுக்கு வான் பிடிக்க வேண்டாம். நானே பஸ்ஸில் வருவேன். ஆனால் மன்னார் பஸ் நிலையத்துக்கு அப்பாவை மட்டும் அனுப்பாதேங்கோ. நீங்களும் வாங்கோ.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

மகள்
றொசானா